பதினான்கு பயிற்சிகள், முப்பது சனிக்கிழமைகள்: நடுநிலைப் பள்ளி மாணவர்க்கான ஓர் எழுத்து வகுப்பைப் பற்றிய மதிப்புரை

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. டாலஸ் புறநகரிலுள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத பிள்ளை, கட்டுரை எழுதச் சொன்னால் மட்டும் மடிக்கணினியின் முன் அரைமணி நேரம் வெறுமனே உட்கார்ந்துவிட்டு, "அம்மா, என்ன எழுதுறதுன்னே தெரியலை" என்று சமையலறை வாசலில் வந்து நிற்பாள். பள்ளியில் கற்றுக்கொடுத்த ஐந்து பத்தி அமைப்பு அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். முதல் பத்தியில் கருத்து, நடுவில் மூன்று பத்திகளில் மூன்று காரணங்கள், கடைசிப் பத்தியில் அதே கருத்து வேறு சொற்களில். அந்த மூன்று காரணங்களை எங்கிருந்து எடுப்பது என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பாத்திரங்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிட்டு அரிசி பருப்பைக் கொடுக்காமல் போனதைப் போன்ற நிலைமை அது.

என் தலைமுறைக்கு இது புதிதன்று. தமிழ்வழிப் பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று தலைப்புகளைப் போட்டு, முன்னுரையில் ஒரு குறளையும் முடிவுரையில் பாரதியின் ஓர் அடியையும் வைத்துவிட்டு, நடுவில் உள்ளதைக் கைடிலிருந்து மனப்பாடம் செய்து எழுதித்தான் நாங்களும் மதிப்பெண் வாங்கினோம். ஆகவே மகள் சமையலறை வாசலில் நின்றபோது அவளுக்குச் சொல்ல என்னிடமும் எதுவும் இருக்கவில்லை. வீட்டுப்பள்ளி நடத்தும் பக்கத்து வீட்டுப் பெண்மணி சொல்லித்தான், பழைய கிரேக்கப் பேச்சுக்கலைப் பயிற்சிகளின் வழியாகக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் இந்த இணையவழி வகுப்பில் மகளைச் சேர்த்தேன். முப்பது வாரங்கள், சனிக்கிழமை காலை எழுபத்தைந்து நிமிடம், ஒரு வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள், கட்டணம் 680 டாலர், பயிற்சிப் புத்தகத்துக்குத் தனியே 45 டாலர். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இதே பயிற்சிகளை வைத்து நடத்தப்படும் வகுப்புகளும் பாடப்புத்தகங்களும் அமெரிக்காவில் பல இருப்பதால், சேர்க்க நினைக்கும் பெற்றோர்க்குப் பெயரைவிட முறையைப் பற்றித் தெரிந்துகொள்வதே பயன்படும் என்பது இன்னொரு காரணம்.

முறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் இதற்குப் 'புரோஜிம்னாஸ்மாட்டா' என்று பெயர்; முன்பயிற்சிகள் என்று பொருள். மன்றத்தில் ஏறிப் பேசுவதற்கு முன், பதின்வயதுப் பிள்ளைகள் படிப்படியாகச் செய்ய வேண்டிய எழுத்து வேலைகள் இவை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் தியோன் எழுதிய கையேடு கிடைத்திருக்கிறது. ஆனால் பிற்காலப் பள்ளிகளில் நிலைத்தது, நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரில் லிபானியஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் பயின்ற அப்தோனியஸின் சிறிய நூல்தான். பதினான்கு பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் சில வரிகளில், அதன் பிறகு அவரே எழுதிக்காட்டிய ஒரு மாதிரி. இவ்வளவுதான் நூல். எளிமையும் மாதிரியும் சேர்ந்திருந்ததால் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் லத்தீன் மொழிபெயர்ப்பாக இது ஐரோப்பாவெங்கும் மீண்டும் மீண்டும் அச்சாகி, இங்கிலாந்தின் இலக்கணப் பள்ளிகள் வரை போய்ச் சேர்ந்தது. நீதிக்கதை, நிகழ்ச்சியுரை, சான்றோர் வாக்கு, முதுமொழி, மறுப்பு, நிறுவல், பொதுப்பொருள், புகழ்ச்சி, இகழ்ச்சி, ஒப்பீடு, பாத்திரப் பேச்சு, வருணனை, பொதுவினா, சட்டம் என்பது அவருடைய வரிசை. எங்கள் வகுப்பும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் சென்றது.

முதல் நான்கு வாரங்கள் நீதிக்கதை. எறும்பும் சிள்வண்டும் கதையை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதை நான்கு வரிக்குச் சுருக்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் இரண்டு பக்கத்துக்கு விரிக்கச் சொன்னார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எறும்புக் கதையா என்று எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தபோது, எந்தச் சொல்லை எடுத்தால் கதை விழும், எந்தச் சொல்லை எடுத்தாலும் கதை நிற்கும் என்பதை அவள் கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். நிகழ்ச்சியுரையில் யார், என்ன, எப்போது, எங்கே, எப்படி, ஏன் என்ற ஆறு கேள்விகளும், அதே நிகழ்ச்சியை நடுவிலிருந்து தொடங்கிப் பின்னே சென்று திரும்பி முடிவுக்கு வரும் பயிற்சியும் இருந்தன. வரிசையை மாற்றிச் சொல்லிப் பார்க்கும் இந்தப் பழக்கம் தியோனின் கையேட்டிலேயே உண்டு. இந்த எட்டு வாரங்களை ஒரு தயார்ப்படுத்தலாக எடுத்துக்கொள்ளலாம்; இதற்கு மட்டும் யாரும் பணம் கட்டத் தேவையில்லை.

கட்டிய பணத்துக்கு உரிய பலன் ஒன்பதாவது வாரத்தில் தொடங்கியது. 'கிரேயா' என்று கிரேக்கர் அழைத்த சான்றோர் வாக்குப் பயிற்சியில், புகழ்பெற்ற ஒருவர் சொன்ன வாக்கையோ செய்த செயலையோ எடுத்துக்கொண்டு எட்டுத் தலைப்புகளில் எழுத வேண்டும். சொன்னவரைச் சில வரிகளில் போற்றுவது, வாக்கை நம் சொற்களில் திரும்பச் சொல்வது, அது ஏன் சரி என்பதற்குக் காரணம், அதற்கு மாறாக நடந்தால் என்ன ஆகும் என்பது, ஓர் உவமை, ஓர் உண்மை எடுத்துக்காட்டு, முன்னோர் ஒருவரின் சான்று, சுருக்கமான முடிப்பு. அப்தோனியஸ் எடுத்துக்கொண்டது, கல்வியின் வேர் கசக்கும், கனி இனிக்கும் என்ற, கிரேக்கப் பேச்சுக்கலை ஆசிரியர் ஐசாக்ரடீஸின் வாக்கு. அவருடைய மாதிரியில் காரணம் என்ற தலைப்பின்கீழ் ஆசிரியருக்கும் தந்தைக்கும் அஞ்சி நடுங்கும் சிறுவன் வருகிறான். உவமையாக, பாடுபட்டு விதைத்து மகிழ்ந்து அறுக்கும் உழவர்கள் வருகிறார்கள். எடுத்துக்காட்டாகப் பேச்சாளர் டெமாஸ்தனிஸும், சான்றாகப் பழங்கவிஞர் ஹெசியடும் வருகிறார்கள். பதினாறு நூற்றாண்டு கடந்தும் அந்தச் சிறுவனின் அச்சத்தை எங்கள் வீட்டுப் பிள்ளை உடனே அடையாளம் கண்டுகொண்டது எனக்கு வியப்பாக இருந்தது.

அவளும் அதே வாக்கை எடுத்துக்கொண்டுதான் எழுதினாள். அந்த வாரம் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இந்த முறை எங்கே வேலை செய்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்த இடம் அதுதான். வழக்கம்போல் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். ஆனால் சமையலறைக்கு வரவில்லை. எட்டுத் தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, தெரிந்தவற்றை முதலில் நிரப்பினாள். உவமைக்கு உழவரைப் போடக் கூடாது, சொந்தமாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது வகுப்பின் விதி. பரதநாட்டிய வகுப்பில் முதல் இரண்டு ஆண்டுகள் அரைமண்டியில் உட்கார்ந்து தொடை எரிந்ததை எழுதினாள். மாறாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அரைமண்டியைச் சரியாகப் பழகாமல் நேரே உருப்படிக்குப் போன தோழி ஒருத்தியின் கால்முட்டி வலி கிடைத்தது. முன்னோர் சான்றுக்கு வந்தபோதுதான் நின்றாள். ஹெசியடைத் தவிர வேறு யாரையும் அவளுக்குத் தெரியாது. மதுரையிலிருக்கும் என் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்து, "பாட்டி, முதல்ல கஷ்டமா இருக்கும், அப்புறம் நல்லா இருக்கும்னு யாராவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டாள். அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல், "மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்" என்றார். ஐசாக்ரடீஸின் கசப்பும் இனிப்பும் அப்படியே நெல்லிக்கனியில் இருப்பதைக் கண்டு மகள் துள்ளிக் குதித்தாள். எட்டுப் பத்திகளும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தன. எழுத என்ன இருக்கிறது என்று அவள் கேட்காத முதல் சனிக்கிழமை அது.

பேச்சுக்கலையின் ஐந்து அங்கங்களில் முதலாவது, சொல்லவேண்டியதைத் தேடிக் கண்டெடுப்பது. அடுக்குவதும் அழகுபடுத்துவதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நம் பள்ளிகளும் இங்குள்ள பள்ளிகளும் இரண்டாவது அங்கத்திலிருந்து தொடங்கிவிடுகின்றன என்பதே என் குற்றச்சாட்டு. எட்டுத் தலைப்புகள் என்பவை பிள்ளை போய்த் தேடிப் பார்க்க வேண்டிய எட்டு இடங்கள். ஓர் இடத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அடுத்த இடத்துக்குப் போகலாம். தேட இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடுகிறது. வகுப்பின் விளம்பரத்தில் தர்க்க ஆற்றல், தலைமைப் பண்பு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அவற்றைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. தேடக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் இதே வாரத்தில்தான் வகுப்பின் பெரிய குறையும் வெளிப்பட்டது. கட்டுரை இரண்டரை வாரம் கழித்துத் திருத்தப்பட்டு வந்தது. நெல்லிக்கனிக்கு எதிரே, சான்று ஏற்கப்படவில்லை, சொன்னவர் பெயர் குறிப்பிடப்படவில்லை என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். பழமொழிக்கு யார் பெயரைப் போடுவது? அவள் சற்று யோசித்துவிட்டு, 'என் பாட்டி, தன் பாட்டியிடமிருந்து கேட்டதாகச் சொன்னது' என்று சேர்த்து அனுப்பினாள். அந்த இரண்டு மதிப்பெண்ணும் திரும்ப வந்தன. எங்கள் வீட்டில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் சிரித்து விட்டுவிடக்கூடிய செய்தியன்று இது. திருத்துபவர் கட்டுரையைப் படிக்காமல், எட்டுத் தலைப்பும் இருக்கின்றனவா என்று கட்டம்போட்டுச் சரிபார்க்கிறார் என்பது அதற்கடுத்த கட்டுரைகளில் இன்னும் தெளிவாயிற்று. ஒருமுறை உவமையையும் எடுத்துக்காட்டையும் ஒரே பத்தியில் இயல்பாகப் பின்னி எழுதியிருந்தாள். அதுவரை அவள் எழுதியவற்றுள் அதுவே சிறந்த பத்தி என்பேன். 'ஒரு தலைப்பு விடுபட்டுள்ளது' என்று திரும்பி வந்தது. வகுப்பு நடத்தும் ஆசிரியர் நல்லவர், திரையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர். திருத்துவது வேறு ஆட்கள். விசாரித்த பிறகே இது எனக்குத் தெரியவந்தது. சேர்க்கும்போது யார் திருத்துவார்கள், எத்தனை நாளில் திருத்துவார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிறந்த பகுதி மறுப்பும் நிறுவலும். ஒரு கதையை எடுத்து அது நடந்திருக்க முடியாது என்று ஆறு வகையில் மறுக்க வேண்டும். தெளிவில்லை, நம்பத்தக்கதில்லை, நடக்க இயலாது, முன்னுக்குப் பின் முரண், பொருத்தமில்லை, பயனில்லை. அடுத்த வாரம் அதே கதையை எடுத்து, இந்த ஆறையும் திருப்பிப் போட்டு, நடந்ததுதான் என்று நிறுவ வேண்டும். அப்தோனியஸ் தாப்னி என்ற பெண் மரமாக மாறிய கதையை ஒருமுறை மறுத்து மறுமுறை நிறுவிக் காட்டுகிறார். நதிக்கும் நிலத்துக்கும் மனிதப் பெண் எப்படிப் பிறப்பாள் என்று அவர் கேட்பதைப் படித்து வகுப்பே சிரித்ததாம்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த கதை, ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவனாக இருந்தபோது தந்தையின் செர்ரி மரத்தைக் கைக்கோடரியால் வெட்டிவிட்டு, என்னால் பொய் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்ட கதை. இங்குள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் தொடக்கப் பள்ளியிலேயே தெரிந்தது. நல்ல தேர்வு என்று இதைப் பாராட்டத்தான் வேண்டும். வாஷிங்டன் இறந்தது 1799இல். மேசன் வீம்ஸ் என்ற மதகுரு எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதை 1806ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் முதன்முதலாக வருகிறது. மகள் நூலகத் தளத்தில் இதைத் தேடிக் கண்டுபிடித்து, 'நம்பத்தக்கதில்லை' என்ற தலைப்பின்கீழ் வைத்தாள். ஆறு வயதுப் பையன் கையில் கோடரியைக் கொடுத்த அப்பாவை, 'பொருத்தமில்லை' என்பதில் வைத்தாள். பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு பொய்க் கதையைச் சொல்வதில் என்ன பயன் என்பது அவளுடைய ஆறாவது தலைப்பு. அதை நான் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று தோழிகள் சந்தேகப்பட்டார்கள், சத்தியமாக இல்லை.

அடுத்த சனிக்கிழமை தகராறு. "போன வாரம் பொய்ன்னு எழுதினேன். இந்த வாரம் உண்மைன்னு எழுதச் சொன்னா, நான் எதை நம்புறேன்?" என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. சொல்வன்மை என்பது பொய்யையும் மெய்யாக்கும் வித்தை என்று பிளேட்டோ காலத்திலிருந்தே இந்தக் கலையின்மேல் பழி உண்டு. பொங்கல் அன்று தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்த்தவளுக்கு அதையே எடுத்துக்காட்டினேன். சென்ற ஆண்டு ஒரு பக்கம் பேசியவர் இந்த ஆண்டு மறுபக்கம் பேசுகிறார், இரண்டையும் நாம் கைதட்டிக் கேட்கிறோம், நடுவர் தீர்ப்புச் சொல்லும்போது நம் மனத்தில் வேறொரு தீர்ப்பு இருக்கிறது. நன்னூலார் நூலுக்குரிய எழுவகை மதங்களை, அதாவது கொள்கைகளை, வரிசைப்படுத்தும்போது உடன்படலையும் மறுத்தலையும் அடுத்தடுத்து வைத்து, பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பின் களைவதையும் தன் கருத்தைத் தானே நாட்டி நிறுவுவதையும் அவற்றோடு சேர்க்கிறார். கிரேக்கப் பிள்ளைக்குக் கொடுத்த வேலையை நம் இலக்கணமும் நூல் எழுதுவோனுக்குக் கொடுத்திருக்கிறது. இந்த விளக்கம் மகளை முழுவதும் அமைதிப்படுத்தவில்லை. நிறுவலை அரைமனத்தோடு எழுதினாள். அந்தக் கட்டுரை மறுப்பின் அளவுக்கு நன்றாக வரவில்லை. வகுப்பு இந்தக் கேள்வியை எதிர்பார்த்துப் பத்து நிமிடமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் நீதி, நியாயம் பற்றிய உணர்ச்சி மிகக் கூர்மையாக இருக்கும். புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

பொதுப்பொருள், புகழ்ச்சி, இகழ்ச்சி, ஒப்பீடு ஆகியவை ஐந்து வாரங்களில் ஓடிவிட்டன. புகழ்ச்சிக்குரிய குலம், வளர்ப்பு, செயல், ஒப்பு என்ற வரிசை நம் பள்ளிகளில் எழுதும் 'நான் விரும்பும் தலைவர்' கட்டுரையை ஏறத்தாழ ஒத்திருப்பதால், எனக்கு மட்டும் பழைய நினைவுகள் வந்தன.

பாத்திரப் பேச்சைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு குறிப்பிட்ட ஆள் என்ன பேசியிருப்பார் என்று எழுதும் பயிற்சி இது. பிள்ளைகளை இழந்த நயோபி என்ன சொல்லி அழுதிருப்பாள் என்பது அப்தோனியஸின் மாதிரி. முதலில் நிகழ்காலம், பிறகு கடந்தகாலம், கடைசியில் எதிர்காலம் என்று மூன்றே படிகள். கடவுளரும் அரசரும் வேண்டாம், தெரிந்த ஆளை எடுங்கள் என்று ஆசிரியர் சொன்னது மிக நல்ல யோசனை. மகள் தன் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஓய்வுபெறும் நாளை எடுத்துக்கொண்டாள். கடைசி நிறுத்தத்தில் கடைசிப் பிள்ளை இறங்கியபின் காலி இருக்கைகளைக் கண்ணாடியில் பார்க்கிறார். முதல் ஆண்டில் பனிமழையில் சிக்கியதை நினைக்கிறார். நாளை காலையும் நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுமே, அப்போது என்ன செய்வது என்று கேட்டுக்கொள்கிறார். அந்த நாலரை மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஓட்டுநர் அம்மையாரே ஒருநாள் சொல்லியிருக்கிறார். எட்டாண்டுகளாக அதே பேருந்தை வாசலில் பார்த்துவந்த எனக்கு, அவர் எத்தனை மணிக்கு எழுவார் என்று தோன்றியதே இல்லை. திருத்தி வந்த தாளில் இதற்கு 'மூன்று காலமும் உள்ளன' என்ற குறிப்பு மட்டும் இருந்தது.

கடைசியில் வரவேண்டிய பொதுவினாவுக்கும் சட்டத்துக்கும் மூன்றே வாரங்கள் மிஞ்சின. உண்மையில் கட்டுரை என்று பள்ளிகள் கேட்பது இந்த இரண்டைத்தான். அப்தோனியஸ் திருமணம் செய்துகொள்ளலாமா என்ற கேள்வியை எடுத்து, எதிர்ப்பும் விடையுமாக எழுதிக்காட்டுகிறார். சட்டத்தில், கொண்டுவரப்படும் ஒரு சட்டம் முறையானதா, நீதியானதா, பயனுள்ளதா, நடைமுறைக்கு இயலுமா என்று நான்கு தலைப்புகளில் ஆராய வேண்டும். டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் மாணவர் கைப்பேசி பயன்படுத்தக் கூடாது என்ற சட்டம் 2025இல் நிறைவேறி, அந்தக் கல்வியாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. வகுப்பிலிருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அதன்கீழ் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். எழுதச் சொன்னால் எழுதித் தள்ளியிருப்பார்கள். 'நடைமுறைக்கு இயலுமா' என்ற தலைப்புக்கு மட்டுமே என் மகளிடம் இரண்டு பக்கத்துக்குச் செய்தி இருந்தது. ஆனால் சட்டத்துக்குக் கொடுத்தது ஒரே வாரம். அதிலும் பாதி நேரம் ஆண்டு இறுதி நிகழ்ச்சிக்குப் போயிற்று. எறும்புக்கும் சிள்வண்டுக்கும் நான்கு வாரம் கொடுத்தவர்கள் இதற்கு ஒரு வாரம் கொடுத்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பள்ளித் தேர்வுக்கு இது உதவுமா என்று கேட்கும் பெற்றோர் பலர் இருப்பார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் சேர்த்தேன். டெக்சாஸில் 2023இல் மாற்றியமைக்கப்பட்ட ஸ்டார் என்ற மாநிலத் தேர்வில், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும், கொடுக்கப்பட்ட பகுதியைப் படித்து, அதிலிருந்தே ஆதாரம் காட்டி ஒரு விடை எழுத வேண்டும். இங்கே இந்த வகுப்பு பாதிக்குத்தான் உதவுகிறது. காரணம், எதிர்நிலை, ஒப்பீடு என்று தேடும் பழக்கம் பயன்படும். ஆனால் கையிலிருக்கும் பகுதியிலிருந்து எந்த வரியை எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எடுத்ததை நம் வாக்கியத்துக்குள் எப்படிப் பொருத்துவது என்ற வேலை கிரேக்கரின் பதினான்கு பயிற்சிகளில் தனியாக இல்லை. வகுப்பும் அதைச் சேர்க்கவில்லை. கிரேக்கப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்த ஹோமரையும் ஹெசியடையும் எடுத்தாண்டார்கள். நம் பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு முன் முதன்முதலாகப் பார்த்த ஒரு பக்கத்தை எடுத்தாள வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியை நாங்கள் வீட்டில், பழைய வினாத்தாள்களை அச்செடுத்துவைத்துத் தனியாகத்தான் பழகினோம். 2024 முதல் அந்த விடைகளில் பெரும்பகுதியை முதலில் கணினிதான் மதிப்பிடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். எங்கள் வகுப்பில் திருத்தியவர்கள் மனிதர்கள்தாம் என்பதால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கும் என்று நான் எதிர்பார்த்தது என் பேதைமை.

பயிற்சிப் புத்தகத்தைப் பற்றி இரண்டு சொற்கள். சுருள்கம்பி கட்டிய முந்நூறு பக்கப் புத்தகம். தாள் கெட்டி, எழுத இடம் தாராளம். ஆனால் அப்தோனியஸின் மாதிரிகளை மூன்றில் ஒரு பங்காக வெட்டி, பிள்ளைகளுக்குப் புரியும் நடை என்ற பெயரில் எலும்பைக்கூட உருவிவிட்டிருக்கிறார்கள். ஜார்ஜ் கென்னடியின் 2003ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தது. கிரேயாவுக்கும் மறுப்புக்கும் முழு மாதிரியையும் அதிலிருந்து மகளுக்குப் படித்துக் காட்டினேன். கடினமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்டிய மாதிரியில் காணாமல் போன தொடர்ச்சி அதில் இருந்தது. ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்கு அப்தோனியஸ் எப்படி நழுவிச் செல்கிறார் என்பதைப் பார்த்த பிறகுதான், மகள் 'அடுத்ததாக', 'மேலும்' என்று ஒவ்வொரு பத்தியையும் தொடங்குவதை விட்டாள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் முதல் பருவம் மட்டும் சேர்ப்பேன். கதையும் கிரேயாவும் அந்த வயதுக்குப் போதும். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பருவந்தோறும் தனியாகக் கட்டணம் வாங்கும் வகுப்பாக இருந்தால், கிரேயாவும் மறுப்பும் வரும் பருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். முழு ஆண்டுக்கும் சேர்த்துத்தான் வாங்குவோம் என்றால், திருத்தித் தருபவர் யார் என்பதற்கு விடை கிடைக்கும்வரை பணம் கட்ட வேண்டாம். எழுதுவதில் ஏற்கெனவே ஈடுபாடு உள்ள, பக்கம் பக்கமாகக் கதை எழுதும் பிள்ளைக்கு இந்தத் தலைப்புகள் விலங்கு மாட்டியதுபோல இருக்கும்; எங்கள் வகுப்பிலேயே அப்படி ஒரு பையன் ஆறாவது வாரத்தில் நின்றுவிட்டான். பேச்சுண்டு, எழுத்தில்லை என்ற வகைப் பிள்ளைகளுக்குத்தான் இது உகந்தது.

அடுத்த நிலை வகுப்புக்கு முன்பதிவு செய்தால் 60 டாலர் தள்ளுபடி என்று மின்னஞ்சல் வந்தது. நாங்கள் பதிவு செய்யவில்லை. அடுத்த நிலைக்கான புத்தகத்தை மட்டும் வாங்கியிருக்கிறேன். ஞாயிறு மாலை சாப்பாட்டு மேசையில் மகள் எழுதுவாள், நான் திருத்துவேன், சான்று தேவைப்பட்டால் மதுரைக்கு அழைப்போம். விட்டுப்போன சட்டப் பயிற்சியிலிருந்து தொடங்குவதாக ஏற்பாடு. கைப்பேசித் தடையைப் பற்றி அவள் எழுதிவைத்த குறிப்புத்தாள் இன்னும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. 'நீதியானதா' என்ற தலைப்புக்கு நேரே மட்டும் இதுவரை ஒன்றும் எழுதவில்லை.